ராஜா நின்றது எப்படி

வேலூரில், விழுகிற டைனோசர்களை நிற்கவைக்கிற ஒருவர் இருந்தார். பெயர் ஜெசிந்தா. தொழில் கால்நடை மருத்துவம். வாரம் முழுக்க மாடுகளோடும் ஆடுகளோடும் போராடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்கின் முன்னறையில் இருக்கும் நீள மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவார். பொம்மை டைனோசர்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். சின்ன வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பொம்மைகளைக் கம்பெனிகள் மறுபடியும் வெளியிட, இப்போது வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்கள். நான்கு கால் மிருகங்களால் அவர்களுக்குத் தொந்தரவில்லை. இரண்டு காலில் நிற்கிறவைதான் உயிரை வாங்கும். வேலூர் வெயிலுக்குக் கால் இளகும். கணுக்கால் மெல்ல மடங்கும். பெரிய தலை முன்பக்கம் இழுக்கும். ஒருநாள் அலமாரியைத் திறந்தால், ஒன்று விழுந்து வரிசையையே சாய்த்துப் போட்டிருக்கும்.

ஜெசிந்தா அதை வெந்நீரில் முக்குவார். இளகியதும் காலைத் திருத்திப் பிடிப்பார். பிறகு குளிர்ந்த நீரில் இறுக்குவார். சிலதுக்கு வாலுக்குள் எடை வைப்பார். சிலதைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல், "மேஜையை மாத்துங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ விளையாட்டாக அவரைக் குரு என்று எழுதினார்கள். அது நிலைத்துவிட்டது. குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

தயாளனும் மூத்தவர்தான். சத்துவாச்சாரியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அரை மில்லிமீட்டர் தவறினாலும் லென்ஸைத் திரும்பத் தேய்க்கிற ஆள். முதல் தடவை வந்தபோது, சரிந்து கிடந்த ஒரு பொம்மையை மேஜைமேல் வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"இது விழாம இருக்க என்ன செய்யணும், டாக்டர்?"

"முதல்ல விழட்டும் சார்."

குரு அதை நிறுத்திவைத்துக் கையை எடுத்தார். பொம்மை சாயத் தொடங்கியது. தயாளனின் கை தானாக நீண்டு பிடித்துக்கொண்டது.

"கையை எடுங்க."

மறுபடியும் வைத்தார்கள். மறுபடியும் தயாளன் பிடித்தார். மூன்றாவது தடவை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பொம்மை விழுந்தது.

"எந்தப் பக்கம் விழுந்தது?"

தயாளனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விழுகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். முதலில் விழுவதைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். பிறகு வெந்நீரின் பதம். பிறகு காலைப் பிடிக்கிற அழுத்தம். கை சுத்தமான ஆள் என்பதால் சீக்கிரம் படிந்துவிட்டது. கோடை வருவதற்குள் மற்றவர்கள் கொண்டுவரும் பொம்மைகளில் பாதியைக் குரு அவர் பக்கம் நகர்த்தத் தொடங்கியிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி வந்தது.

ஆறு டைனோசர்கள் கொண்ட பெட்டி. தயாளன் சின்னப் பையனாக இருந்தபோது வெளிவந்து, பிறகு பல பத்தாண்டுகள் கிடைக்காமல் போன தொகுப்பு. அதே பழைய அச்சில் மறுபடியும் போட்டிருந்தார்கள். அதே பச்சை, அதே மஞ்சள் வயிறு, வாய்க்குள் அதே சிவப்பு. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்தது அந்தப் பழைய பெட்டி. அதிலிருந்த டைரனோசருக்குத் தயாளன் வைத்த பெயர் ராஜா.

புதிய ராஜாவை அவர் வீட்டு மேஜையில் நிறுத்தினார். விழுந்தது. கண்ணாடிமேல் நிறுத்தினார். விழுந்தது. தரையில் நிறுத்தினார். அங்கேயும் முகம் குப்புற விழுந்தது.

குழுவில் அன்றைக்கு அவர் நீளமாக எழுதினார். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தியிருக்கிறான், பழசு மலை மாதிரி நிற்கும் என்று எழுதினார். பலர் ஆமாம் போட்டார்கள். குரு மட்டும் எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தயாளன் ராஜாவை மேஜைமேல் படுக்கவைத்தார்.

குரு கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் வைத்து எடை பார்த்தார்.

"வால் உள்ள காலியா இருக்கு. கொஞ்சம் எடை போட்டா நிக்கும்."

"வேண்டாம், டாக்டர்."

"காலை வெந்நீர்ல வெச்சு அகட்டலாம்."

"அதுவும் வேண்டாம்."

"கண்ணாடி மாதிரி ஒரு தாங்கி வைக்கலாம். வெளிய தெரியாது."

"இதுல எதையும் சேர்க்கக் கூடாது. எதையும் மாத்தக் கூடாது. பழசு எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்கணும்."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"பழசு நின்னுச்சா?"

"நின்னுச்சாவா?" தயாளன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "எங்க ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜோலார்பேட்டை யார்டை ஒட்டி. கூட்ஸ் போனா ஜன்னல் கம்பியே ஆடும். தண்ணி டம்ளர் நகரும். ஜன்னல் திட்டுல ராஜா நிக்கும். ஒரு நாள் கூட விழுந்து நான் பார்த்ததில்ல."

"ஒரு நாள் கூட."

"ஒரு நாள் கூட இல்ல. எனக்குக் காமாலை வந்து படுத்துக் கிடந்தப்போ வேற வேலையே கிடையாது. நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்."

குரு ராஜாவைக் கீழே வைத்தார். பிறகு ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னார்.

"போன மாசம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பசு, கன்னு போட்டுட்டுப் படுத்துடுச்சு. எழுந்திரிக்கல. ஊசி போட்டேன். கயிறு கட்டி எட்டுப் பேர் தூக்குனாங்க. தூக்கும்போது நிக்குது, விட்டா உட்கார்ந்துடுது. எப்படி விழுந்துச்சுன்னு ஆளாளுக்குக் கதை சொல்றாங்க. வழுக்குச்சாம், கண்ணு பட்டுச்சாம். அந்த வீட்டம்மா மட்டும் ஒண்ணும் பேசாம ஓரமா நின்னாங்க. நான் அவங்ககிட்ட கேட்டேன். 'இது தினமும் எப்படிம்மா எழுந்திரிக்கும்?' அவங்க சொன்னாங்க, 'இடது பக்கமாத்தான் எழுந்திரிக்கும் டாக்டர், வலது பக்கம் சுவரு.' நாங்க அதை வலது பக்கமாவே தூக்கிக்கிட்டு இருந்திருக்கோம்."

"அப்புறம்?"

"புரட்டிப் போட்டோம். எழுந்துடுச்சு."

தயாளன் சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

"விழுந்ததை எல்லாரும் பார்க்குறாங்க சார். எப்படி நின்னுச்சுன்னு தெரியணும்னா, அது நின்ன இடத்துக்குப் போகணும். அந்தப் பழைய ராஜா இப்ப எங்க இருக்கு?"

தயாளனின் சிரிப்பு நின்றது.

"ஜோலார்பேட்டையில. எங்க அண்ணன் வீட்ல இருக்கும்."

"காட்பாடியில ரயில் ஏறினா ஒண்ணேகால் மணி நேரம். போய்ப் பார்த்துட்டு வாங்க."

"வேற வழி இல்லையா, டாக்டர்?"

"வாலுக்குள்ள எடை போடுறது இருக்கு."

தயாளன் ராஜாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார்.

அண்ணனைப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அப்போது தயாளன் புனேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய்விட்டார் என்று விடியற்காலையில் போன் வந்தது. கிடைத்த விமானத்தில் ஏற ஓடினார். மழையில் அது தாமதமாயிற்று. அண்ணனுக்குப் போன் செய்து, "நான் வர்ற வரைக்கும் அப்பாவை வெச்சிருண்ணா" என்றார். அண்ணன் சரி என்றுதான் சொன்னார். தயாளன் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, கூடம் கழுவிவிடப்பட்டு ஈரமாக இருந்தது. அப்பா இல்லை. எடுத்துப் போய் முடித்துவிட்டுக் குளித்துத் தலை ஈரத்தோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணா?" என்று தயாளன் கேட்டார்.

"நேரமாயிடுச்சு" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார்.

காரியம் முடிகிற வரை தயாளன் இருந்தார். அண்ணனோடு பேசவில்லை. பிறகு புனேயை விட்டு வேலூருக்கே வந்து கடை போட்டபோதும் சொல்லவில்லை. அண்ணி மட்டும் பண்டிகைக்குப் போன் செய்வார். தயாளனின் மனைவி எடுத்துப் பேசிவிட்டு வைப்பாள்.

அடுத்த ஞாயிறு அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. காட்பாடியில் ரயில் ஏறினார். குடியாத்தம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தார். ஆம்பூரிலும் நினைத்தார். பொம்மையைப் பார்க்கத்தான் போகிறேன், பார்த்துவிட்டு வந்துவிடப் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

கதவைத் திறந்தது அண்ணி சுகுணா. ஒரு நிமிடம் அப்படியே பார்த்தார்.

"வாங்க தம்பி" என்றார். பிறகு உள்ளே திரும்பி, குரலை உயர்த்தாமல், "யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றார்.

கருணாகரன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. முடி முழுக்க நரைத்திருந்தது, மூக்கில் பழைய கண்ணாடி. தம்பியைவிட ஆறு வயதுதான் மூத்தவர், இப்போது பதினைந்து வயது மூத்தவர் போலத் தெரிந்தார்.

"வாடா."

"வரேண்ணா."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தயாளன் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அந்த டைனோசர் பொம்மை இருக்குதாண்ணா? ராஜா."

கருணாகரன் எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து போனார். அறைக்குள் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

"மத்ததெல்லாம் எங்க பாப்பா சின்னதுல விளையாடித் தொலைச்சிட்டா. இது ஒண்ணைத்தான் நான் குடுக்கல."

தயாளன் டின்னைத் திறந்தார். பச்சை வெளுத்திருந்தது. வாய்க்குள் சிவப்பு பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. ஆனால் ராஜாதான். கையில் எடுத்ததும் அந்த முதுகுச் செதில்களை விரல் தானாகவே தடவிக்கொண்டு போனது. பையிலிருந்து புதியதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொஞ்சம்கூட வித்தியாசமில்லை. அதே அச்சு.

பழையதை டீப்பாய்மேல் நிறுத்தினார்.

விழுந்தது.

டீப்பாய் சரியில்லை என்று தரையில் வைத்தார். முகம் குப்புற விழுந்தது. புதியது விழுகிற மாதிரியே, அதே பக்கம், அதே வேகத்தில். தயாளன் இப்போது விழுவதைப் பார்க்கத் தெரிந்தவர். இரண்டும் விழுந்தது ஒரே மாதிரிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"கால் வளைஞ்சிருக்கும்ணா. இத்தனை வருஷ வெயிலுக்கு."

பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வளையவில்லை. கணுக்காலைப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

"அது நிக்காதுடா" என்றார் கருணாகரன். "எப்பவும் நின்னதில்ல."

"நின்னுச்சுண்ணா. ஜன்னல்ல எத்தனை நாள் நின்னுச்சு."

"அதுவா நிக்கல."

தயாளன் நிமிர்ந்தார்.

"அடியில பாரு. விரலுக்குக் கீழ."

பார்த்தார். இரண்டு பாதத்திலும் விரல்களின் அடியில் கறுப்பாக ஏதோ ஏறி ஊறிப்போயிருந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினார். போகவில்லை.

"தார்" என்றார் அண்ணன். "அப்ப ரயில்வே கேட்டுக்கு ரோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க. டின்ல கொஞ்சம் எடுத்து வெச்சுக்கிட்டேன். ரெண்டு சின்ன உருண்டை, விரலுக்குக் கீழ. அப்பத்தான் பின்னால சாஞ்சு வால்ல உட்காரும். தலை இழுக்காது."

"எப்ப பண்ண?"

"காலைல. பால் வாங்கப் போறதுக்கு முன்னாடி. சாயந்திரத்துக்குள்ள வெயில் பட்டு உருண்டை அமுங்கிடும். அதனால தினமும் மாத்தணும்."

"தினமுமா?"

"உனக்குக் குணமாகி நீ எழுந்திரிக்கிற வரைக்கும்."

உள்ளே குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. தயாளன் கையில் இருந்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குண்ணா?"

சொல்லத் தேவையில்லாத ஒன்றைக் கேட்கிறானே என்பது போலக் கருணாகரன் முகம் இருந்தது.

"நீ சொன்னது உனக்கு ஞாபகம் இல்லையா?"

"என்ன சொன்னேன்?"

"காமாலைல கிடந்தப்போ. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கும் உனக்கு. ஒரு நாள் சொன்ன, ராஜா விழுந்துட்டா நானும் செத்துப்போயிடுவேன்னு. அம்மா கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல."

தயாளனுக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஜன்னல் இருந்தது, கூட்ஸ் வண்டி இருந்தது, வெயிலில் பச்சையாக மின்னிய ராஜா இருந்தது. காலையில் இருட்டு விலகுவதற்குள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும் எங்கேயும் இல்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கையெல்லாம் ஒட்டுமே" என்றார்.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுக்குவேன். பால் பாத்திரம் நாறுதுன்னு அம்மா அடிக்கும்."

அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். தயாளன் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவராகத்தான் வந்திருந்தார். இலை போட்டுவிட்டார்கள். உட்கார்ந்தார். அண்ணி பரிமாற, இருவரும் சாப்பிட்டார்கள். ரசத்துக்கு வந்தபோது தயாளன் கையை நிறுத்தினார்.

"அண்ணா. அப்பாவை ஏன் எனக்காக வெச்சிருக்கல?"

அண்ணியின் கரண்டி அப்படியே நின்றது.

"நேரமாயிடுச்சுன்னு மட்டும் சொல்லாத."

கருணாகரன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில கடைசி ஒரு வாரம் நீ பார்க்கல" என்றார். "உடம்பு முழுக்க நீர் கோத்துக்கிச்சு. முகம் வீங்கி, கறுத்து... எனக்கே அடையாளம் தெரியல. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இன்னும் மோசமாயிடுச்சு. நீ அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம்னு தோணுச்சு. கடைசியா நீ பார்த்த முகமே இருக்கட்டும்னு."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ மனசுல அதைத்தானே பார்த்துக்கிட்டு இருப்ப."

தயாளன் இலையிலிருந்து நிமிர்ந்தார். "பார்க்கணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணியிருக்கணும்ணா. எனக்கும் அப்பாதானே."

"ஆமா" என்றார் கருணாகரன். "நீதான் முடிவு பண்ணியிருக்கணும். அது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீயும் கேக்கல."

"நீங்களும் போய்ச் சொல்லல" என்றார் அண்ணி, கணவரைப் பார்த்து. "எத்தனை தடவை சொன்னேன்." தயாளன் பக்கம் திரும்பினார். "தம்பிக்குக் கோபம் என்மேலயே இருக்கட்டும்னு உட்கார்ந்திருந்தாரு."

தயாளனின் கோபம் போய்விடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடமும் அது தனியாக இருந்தது. இப்போது அதன் பக்கத்தில் அண்ணனும் உட்கார்ந்து, ஆறிப்போன சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சாப்பிடுண்ணா" என்றார் தயாளன்.

கருணாகரன் சாப்பிட்டார்.

மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது. அண்ணி ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைந்து மூடி வைத்திருந்தார். தயாளன் புதிய ராஜாவைப் பைக்குள் வைக்கப் போனபோது கருணாகரன் கையை நீட்டினார்.

"குடு அதை."

வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். மூடியைத் தூக்கி மாவில் ஒரு துளி கிள்ளினார். விரல்களுக்குள் இரண்டு உருண்டையாக்கினார். பொம்மையின் பாதத்தைத் திருப்பி, உருண்டையை வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து. அடுத்த காலுக்கும் ஒரு அழுத்து. அவர் பொம்மையைப் பார்த்துக்கூடச் செய்யவில்லை. தம்பியிடம், "கடை நல்லாப் போகுதா?" என்று கேட்டுக்கொண்டே செய்தார்.

சமையலறை மேடையில் வைத்துக் கையை எடுத்தார். ராஜா லேசாகப் பின்னுக்குச் சாய்ந்து, வாலில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

பழையதையும் கொண்டுவந்து அதேபோல் நிறுத்தினார். இரண்டும் நின்றன.

தயாளன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பாதத்துக்குக் கீழே மாவு இருப்பது தெரியவேயில்லை. யார்டில் ஒரு கூட்ஸ் கிளம்பியது. மேடைமேல் இருந்த கரண்டிகள் கிணுகிணுத்தன. மூவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். வண்டி போய் முடிகிற வரை இரண்டு ராஜாக்களும் அசையவில்லை.

"அடுத்த வாரம் கடைக்கு வாண்ணா" என்றார் தயாளன். "அந்தக் கண்ணாடியை மாத்தணும். கிட்டத்துல எதைப் பார்த்தாலும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்குற."

"சரிடா" என்றார் கருணாகரன்.

அதற்கடுத்த ஞாயிறு, கிளினிக் மேஜையில் இருந்த மற்ற பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, தயாளன் புதிய ராஜாவைக் குருவுக்கு எதிரில் நிறுத்தினார். சப்பாத்தி மாவு காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. அதனால் முந்தைய நாள் மாலை அவரே, ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை வாங்கி இரண்டு உருண்டை பிடித்து வைத்திருந்தார். அண்ணன் ஒரே அழுத்தில் முடித்ததை அவர் பல தடவை அழுத்த வேண்டியிருந்தது.

குரு குனிந்து பார்த்தார். மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். ராஜா நின்றது.

"எதையும் சேர்க்கக் கூடாதுன்னீங்களே சார்."

"பழசு நின்ன மாதிரியே நிக்கணும்னு சொன்னேன். பழசு இப்படித்தான் நின்னுச்சு."

தயாளன் எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல், தார் உருண்டை, பால் பாத்திரம் எல்லாம். அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். குரு அதைத் தோண்டிக் கேட்கவில்லை.

சொல்லி முடித்ததும் தயாளனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டாக்டர், பழசும் நிக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதே அச்சுதானே."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. குழுவுல அவ்வளவு எழுதினேன். நான் சொல்றது தப்புன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்."

"நீங்க சொன்னது தப்பு இல்லையே சார்."

"புரியல."

குரு ராஜாவை எடுத்துத் தயாளனின் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த அச்சுல வந்தது நிக்காது. அது எனக்குத் தெரியும். ஒரு நாள் கூட விழலைன்னு நீங்க சொல்றீங்க. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அதுவும் எனக்குத் தெரியும். அப்ப நடுவுல யாரோ ஒருத்தர் இருந்திருக்கணும். அது யாருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"